12.9 மிமீக்குள் ஒரு ஸ்லைடர்: சாம்சங் டி900 வைத்திருந்தவர்கள் வாங்க

நெல்லைச்சீமை:
எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பீரோவுக்குள்ள அப்பாவோட பழைய சாம்சங் டி900 கிடைச்சது. ஸ்லைடர் போன், அதாவது மேல் பாதியைத் தள்ளித் திறக்கிற மாதிரி. அப்பா சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில இருந்தப்ப 2007-ல வாங்கினது. ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப் பையில அது இருக்கிறதே வெளிய தெரியாது. பேசி முடிச்சதும் கட்டைவிரலால கீழ தள்ளுவாங்க, "டக்"னு ஒரு சத்தம். எனக்கு அப்ப பத்து வயசு. அந்தச் சத்தத்துக்காகவே போனை வாங்கி திறந்து திறந்து மூடி திட்டு வாங்கியிருக்கேன்.

இப்ப கையில எடுத்தா பெரிய ஆச்சரியமா இருக்கு. ரெண்டு பாதி, நடுவுல ஸ்பிரிங், பின்னால கேமரா, கழற்றக்கூடிய பேட்டரி, எல்லாம் சேர்த்து 12.9 மிமீ. எடை 93 கிராம்தான். இதை எப்படிச் செஞ்சாங்க? அப்புறம் இதை ஓட வைக்க முடியுமா? அப்பா ரிட்டயர் ஆகி ஊர்லதான் இருக்காங்க. தொடுதிரை போன் அவங்களுக்குக் கையில நிக்கவே மாட்டேங்குது. "அந்தப் போன் இருந்தா அதுவே போதும்லே"ன்னு சொல்றாங்க. பேட்டரி லேசா உப்பி இருக்கு, அதனால இன்னும் ஆன் பண்ணிப் பார்க்கல.

காவேரி_மெக்:
முதல் வேலையாக அந்த பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள் தம்பி. உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. சட்டைப் பையில், வெயிலில் வைக்க வேண்டாம். பழைய பேட்டரி வாங்கும் மின்கழிவு மையத்தில் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

இனி போனைப் பற்றி. நான் இயந்திரவியல் படித்து, பிளாஸ்டிக் பாகங்களுக்கு அச்சு வடிவமைக்கும் வேலையில் இருப்பவள். டி900-ஐ மதிப்பதற்கு அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2004-ல் மோட்டோரோலா ரேஸர் வி3 வந்தது. மடக்கு போன், மூடியிருக்கும்போது 13.9 மிமீ. அதுவரை போன் என்றால் சோப்புக்கட்டி அளவு. ரேஸருக்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்க ஆரம்பித்தன. சாம்சங் 2006-ல் மூன்று போன்களைக் காட்டியது: நேர் போன் எக்ஸ்820, மடக்கு போன் டி830, ஸ்லைடர் டி900. அவற்றுக்கு வைத்த பெயரே தடிமன்தான். அல்ட்ரா எடிஷன் 6.9, 9.9, 12.9.

மூன்றில் மற்ற இரண்டும் மெல்லியவை, ஆனால் கஷ்டமான வேலை டி900-தான் என்பது என் கருத்து. நேர் போனில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். ஸ்லைடரில் பெட்டியே இரண்டு. ஆகவே சுவர் நான்கு: மேல் பாதிக்கு முன்னும் பின்னும், கீழ்ப் பாதிக்கு முன்னும் பின்னும். நடுவில் தண்டவாளத் தகடு. ஒன்றோடொன்று உராயாமல் நகர ஒரு மெல்லிய இடைவெளி. இவையெல்லாம் போக மீதி இருக்கும் இடத்தில்தான் திரையும் போர்டும் பேட்டரியும். ஒற்றைப் பெட்டியான எக்ஸ்820-ஐ விட இதற்கு ஆறு மில்லிமீட்டர்தான் கூடுதல்.

சர்வீஸ்_பாண்டி:
தம்பி, மதுரையில பதினேழு வருசமா செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். ஸ்லைடர் மாடலா, அப்ப ஸ்ட்ரிப்பைப் பத்திப் பேசியே ஆகணும்.

மேல் பாதியில டிஸ்ப்ளே, கேமரா, காது ஸ்பீக்கர். கீழ் பாதியில போர்டு, சிம், பேட்டரி. இது ரெண்டையும் சேர்க்கிறது ஒரு பழுப்பு நிற ஸ்ட்ரிப்தான். ரிப்பன் மாதிரி இருக்கும். நீங்க தள்ளும்போதெல்லாம் அது உள்ள மடங்கி மடங்கி விரியும். எந்தக் கம்பெனி ஸ்லைடரா இருந்தாலும் முதல்ல போறது அதுதான். அடையாளம் சொல்றேன் பாருங்க. மூடியிருந்தா படம் தெரியும், முழுசா திறந்தா வெள்ளையாயிரும். பாதியில நிறுத்தினா கோடு கோடா வரும். இல்லேன்னா பேசிக்கிட்டிருக்கும்போது எதிர்ப்பக்கம் சத்தம் நின்னுபோகும், லேசா கீழ தள்ளினா திரும்ப வரும். இப்படி வந்தா டிஸ்ப்ளே போச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, ஸ்ட்ரிப்தான் வெட்டியிருக்கும்.

ஆன் பண்ணிப் பார்த்துட்டு இதுல எது இருக்குன்னு சொல்லுங்க.

யாழ்_கடலோரம்:
நல்ல இழை. நான் கொஞ்சம் எதிர்ப்பக்கத்தில நிண்டு கதைக்கிறன், கோவிக்க வேண்டாம்.

2008இல கொழும்பு லிபர்ட்டி பிளாசாவில நோக்கியா என்95 வாங்கினனான். அதுவும் ஸ்லைடர்தான், ஆனா ரெண்டு பக்கமும் தள்ளலாம். மேல தள்ளினா எண் பொத்தான்கள், கீழ தள்ளினா பாட்டுக்கான பொத்தான்கள். தடிப்பு 21 மிமீ. என்ர சினேகிதன் டி900 வச்சிருந்தவன். ரெண்டையும் மேசையில பக்கத்தில வச்சால் என்ரது செங்கல் மாதிரித்தான் கிடக்கும். ஆனா அதுக்குள்ள 5 மெகாபிக்சல் கேமரா, வைஃபை, ஜிபிஎஸ், 3ஜி, சாதாரண ஹெட்போன் குத்துற துளை எல்லாம் இருந்தது. அவன்ரயில 3ஜி இல்லை, வைஃபை இல்லை. ஹெட்போனும் சார்ஜரும் ஒரே துளையில. பாட்டுக் கேட்டுக்கொண்டு சார்ஜ் போட ஏலாது.

மெல்லிசா இருக்கோணும் எண்டதுக்காக இவ்வளவையும் விட்டுக்குடுத்தது சரியோ? பாவிக்கிற ஆளுக்கு மில்லிமீட்டரால என்ன பிரயோசனம்?

காவேரி_மெக்:
நியாயமான கேள்வி அண்ணா. ஆனால் இரண்டும் ஒரே வகைப் பொருள் இல்லை. என்95 சட்டைப் பைக்குள் போகும் கணினி. டி900 பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் படம் எடுப்பதற்குமான போன். அந்த மூன்றையும் அது அரைகுறையாகச் செய்யவில்லை. 3 மெகாபிக்சல் கேமரா, அதுவும் ஆட்டோஃபோகஸ், பக்கத்தில் எல்இடி பிளாஷ். 2006-ல் பலர் கையில் இருந்தது விஜிஏ கேமராதான், அதாவது 0.3 மெகாபிக்சல். புளூடூத் இருந்தது, மைக்ரோஎஸ்டி போட இடம் இருந்தது, டிவியில் இணைத்துப் படம் பார்க்கவும் வசதி இருந்தது. மெல்லியதாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்ட போன் இல்லை அது.

கேமரா இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். அது மேல் பாதியின் முதுகில் இருக்கிறது. மூடியிருக்கும்போது கீழ்ப் பாதி அதை மறைத்துவிடும், திறந்தால்தான் லென்ஸ் வெளியே வரும். சாவிக்கொத்தோ சில்லறையோ உரசிக் கீறல் விழாது, தனியாக ஒரு மூடியும் தேவையில்லை. இன்னொரு லாபமும் உண்டு. ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கு ஆழம் வேண்டும். திரைக்கு நேர் பின்னால் வைத்தால் இரண்டு தடிமனும் கூடும். அதனால் திரைக்கு மேலே, காது ஸ்பீக்கர் இருக்கும் பட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். மெல்லிய பொருளை வடிவமைப்பது பெரும்பாலும் இந்த வேலைதான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டியதைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது.

போனை மெல்லியதாக்கியதில் பேட்டரியும் சுருங்கியதென்னவோ உண்மை. அதன் கொள்ளளவு 800 எம்ஏஎச்தான்.

மலர்_திருச்சி:
கேமரா, 3ஜி எல்லாம் இருக்கட்டும். கையில பிடிச்ச உணர்வைப் பத்தி யாரும் பேசலையே!

நான் கல்லூரியில படிச்சப்ப எங்க விடுதி அறையில மூணு ஸ்லைடர் இருந்தது. ஒருத்திகிட்ட எல்ஜி சாக்லேட், ஒருத்திகிட்ட டி900, என்கிட்ட சாம்சங் யு600. சாக்லேட் கறுப்பா, கண்ணாடி மாதிரி இருக்கும். கை பட்டா மட்டும் சிவப்பா விளக்கு எரியும். அழகுன்னா அதுதான் அழகு. ஆனா முன்பக்கத்துல நிஜப் பொத்தான் கிடையாது, எல்லாம் தொடுவிசை. எடுக்கும்போதே விரல் பட்டு ஏதாவது ஒண்ணு திறந்துக்கும். அவ போனை மோதிரம் வாங்கின மாதிரி ரெண்டு விரல்ல ஓரத்தைப் பிடிச்சுத்தான் எடுப்பா.

என் யு600 அடுத்த வருசம் வந்த மாடல், 10.9 மிமீ. டி900-ஐ விட ரெண்டு மிமீ மெல்லிசு. ஆனா எனக்கு எப்பவும் டி900 மேலதான் ஆசை. காரணம், யு600-லயும் முன்பக்க விசைகள் தொடுவிசையா மாறியிருந்தது. அழுத்தினேனா இல்லையான்னு விரலுக்குத் தெரியாது. டி900-ல நடுப் பொத்தானை அழுத்தினா அழுத்தினது தெரியும். விளக்கணைச்ச பிறகு போர்வைக்குள்ள, திரையைப் பார்க்காமலே அவ மெசேஜ் அடிப்பா. என்னால முடியாது.

காவேரி_மெக்:
மலர், இந்த இழையிலேயே முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள்.

பொத்தானுக்கு ஆழம் வேண்டும். கீபேடுக்கு அடியில் குட்டிக் குட்டி உலோகக் குமிழ்கள் இருக்கும், கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி. அழுத்தினால் குமிழ் உள்ளே அமுங்கி "கிளிக்" என்று விரலுக்குப் பதில் சொல்லும். அது அமுங்கும் தூரம் கால் மில்லிமீட்டர் அளவுதான். ஆனாலும் குமிழ், அதன் மேல் ரப்பர், அதன் மேல் விசை என்று அடுக்கும்போது இடம் போய்விடும். ஸ்லைடரில் மேல் பாதிக்கு ஒன்று, கீழ்ப் பாதிக்கு ஒன்று என இரண்டு கீபேட். இன்னும் மெலிய வேண்டும் என்றால் முதலில் கழற்றி வீசப்படுவது மேல் பாதியின் பொத்தான்கள்தான். 10.9-ல் நடந்தது அது. 2008-ல் வந்த எல்ஜி சீக்ரெட் 11.8 மிமீ, அதிலும் முன்பக்கம் தொடுவிசைதான்.

அதனால்தான் டி900 நின்ற இடம் சரியான இடம் என்கிறேன். அதற்கு மேல் மெலிந்தால் விரலுக்குக் கண் தெரியாமல் போய்விடும்.

யாழ்_கடலோரம்:
இது எனக்குத் தெரியாத விசயம். தடிப்பைக் குறைக்கிறதெண்டால் பேட்டரியையும் வசதியளையும்தான் குறைப்பினம் எண்டு நினைச்சிருந்தன். பொத்தான்ர உணர்வும் அதோட போகுது எண்டு யோசிக்கேல்லை.

ஆனா டி900 கீபேட்டிலயும் ஒரு குறை இருக்கு. 1, 2, 3 வரிசை மேல் பாதியின்ர விளிம்புக்குக் கிட்ட. பெருவிரல் போய் அந்த விளிம்பில இடிக்கும். சினேகிதன்ர போனில அடிச்சுப் பாத்தனான், "அ" வரிசை எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் நகம் முட்டும்.

மலர்_திருச்சி:
அது ஸ்லைடர் எல்லாத்துக்கும் உள்ள குறைதான் அண்ணா. டி900-ல மேல் பாதி மெல்லிசுங்கிறதால அந்த விளிம்புப் படி மத்த ஸ்லைடரை விடக் குறைவு. அங்கதான் மில்லிமீட்டர் நமக்குப் பிரயோசனமாகுது. தடியான ஸ்லைடர்ல படியில நின்னு கீழ கிணத்துல தண்ணி எடுக்கிற மாதிரி இருக்கும்.

நெல்லைச்சீமை:
எல்லாருக்கும் நன்றி. பேட்டரியை எடுத்துட்டேன். பாண்டி அண்ணன் சொன்னதைப் படிச்சதும் பயமாயிருக்கு. மெல்லிசா இருக்கிறதால ஸ்ட்ரிப் சீக்கிரம் போகுமா? சின்ன வயசுல நான் நூறு தடவை திறந்து மூடினது எல்லாம் இப்ப நினைவுக்கு வருது.

இன்னொண்ணு, சிங்கப்பூர்ல இருக்கிற சித்தப்பா அங்க இது வேலை செய்யாதுங்கிறார். நிஜமா?

காவேரி_மெக்:
சித்தப்பா சொன்னது சரி. இது 2ஜி போன். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் 2ஜி இன்னும் இருக்கிறது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம் எடுக்கும். ஜியோ எடுக்காது, அது 4ஜி-க்கு மேல்தான். சிம் மட்டும் பெரிய அளவுச் சட்டத்தோடு வேண்டும். இப்போதைய நானோ சிம்மாக இருந்தால் அடாப்டர் போடுங்கள்.

ஸ்ட்ரிப் பற்றிய கேள்விக்கு: ஆமாம், மெல்லிய ஸ்லைடரில் அதற்குச் சோதனை அதிகம். ஒரு தென்னங்கீற்றை அகலமாக வளைத்தால் ஒன்றும் ஆகாது. விரலிடுக்கில் வைத்து மடித்தால் நாலாவது மடிப்பில் நரம்பு ஒடியும். ஸ்ட்ரிப் உள்ளே ஆங்கில யு எழுத்து மாதிரி மடிந்து கிடக்கிறது. இரண்டு பாதிக்கும் இடையே உயரம் குறைந்தால் அந்த யு-வின் வளைவும் குறுகும், செம்புக் கோடுகளுக்கு இழுவிசை கூடும். இதற்காகவே நன்றாக வளையக்கூடிய, உருட்டிப் பதமாக்கிய செம்பைப் பயன்படுத்துவார்கள். செம்பை இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நட்டநடுவில் வைப்பார்கள், வளையும்போது இழுபடவும் நசுங்கவும் செய்யாத இடம் அந்த நடுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 60 தடவை திறந்து மூடினால் வருடத்துக்கு 21,900. ஐந்து வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். நீங்கள் சின்ன வயதில் செய்த நூறு ஒரு கணக்கே இல்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த "டக்" சத்தத்துக்கும் காரணம் சொல்கிறேன். ஸ்பிரிங்கின் ஒரு முனை மேல் தகட்டில், மறுமுனை கீழ்த் தகட்டில் மாட்டியிருக்கும். தள்ள ஆரம்பிக்கும்போது ஸ்பிரிங் நசுங்கி நம்மை எதிர்க்கும். பாதி தூரத்தில் அதன் நசுக்கம் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் விரிந்து மீதி தூரத்தைத் தானே தள்ளிவிடும். பாதி வேலை நம்முடையது, பாதி அதனுடையது. கடைசியில் தகடு தடுப்பில் போய் நிற்பதுதான் நீங்கள் கேட்ட சத்தம். அப்பா கட்டைவிரலை நடுவிலேயே எடுத்திருப்பார், கவனித்தீர்களா?

நெல்லைச்சீமை:
ஆமாக்கா! பாதி தள்ளிட்டு விரலை எடுத்துருவாங்க, அதுவா மூடிக்கும். இப்பத்தான் புரியுது.

சர்வீஸ்_பாண்டி:
அந்தம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் கடையில பார்த்ததைச் சேர்த்துக்கிறேன். ஸ்ட்ரிப் பாதி மடிப்புல போகும், பாதி மணல்ல போகும். சட்டைப் பை அடியில ஒரு தூசி சேரும் பாருங்க, நூலும் மண்ணும் கலந்து. அது தண்டவாளத்துக்குள்ள புகுந்தா உப்புத்தாள் மாதிரி அறுக்கும். மீனவர் ஒருத்தர் ராமேஸ்வரத்துல இருந்து ஒரு ஸ்லைடர் கொண்டாந்தார். திறந்தா கடல் மணல் அரை ஸ்பூன். ஸ்பிரிங்கே துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு.

நீங்களா பிரிக்கிறதா இருந்தா ரெண்டு விசயம். ஸ்க்ரூ எந்த இடத்துல எதுன்னு ஒரு தாள்ல போனை வரைஞ்சு, அது மேலயே வைங்க. எல்லாம் ஒரே மாதிரி தெரியும், நீளம் வேற வேற. நீள ஸ்க்ரூவைச் சின்ன ஓட்டையில முறுக்கினீங்கன்னா போர்டைத் துளைச்சிரும். ரெண்டாவது, தண்டவாளத்துக்கு தேங்காய் எண்ணெய், மிஷின் எண்ணெய் எதுவும் விடாதீங்க. எண்ணெய் தூசியை இழுத்து வச்சுக்கும். மெல்லிய பிரஷ்ஷால தட்டி, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைச்சாப் போதும்.

பேட்டரிக்கு ஆசைப்பட்டு 1500, 2000னு எழுதினதை வாங்கிராதீங்க. அந்த அளவுல அவ்வளவு சரக்கு அடங்கவே அடங்காது, வெறும் ஸ்டிக்கர்.

காவேரி_மெக்:
பாண்டி அண்ணன் கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பல லித்தியம் செல்களின் மேல் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு தடிமன், அடுத்த இரண்டு அகலம், கடைசி இரண்டு உயரம். 503442 என்றிருந்தால் 5.0 மிமீ தடிமன், 34 மிமீ அகலம், 42 மிமீ உயரம். பழையதை ஸ்கேலால் அளந்துவிட்டு, புதியதன் எண்ணைப் பாருங்கள். உப்பியதை நடுவில் அளக்காதீர்கள், ஓரத்தில் அளங்கள்.

நெல்லைச்சீமை:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

முதல்ல இணையத்துல ஒரு கடையில பேட்டரி வாங்கினேன். 1800 எம்ஏஎச்னு போட்டிருந்தது. அரை மணி நேரம் கூட நிக்கல, அதைத் திருப்பி அனுப்பியாச்சு. அப்புறம் இங்க ஜங்ஷன் பக்கத்துல பழைய சாமான் விக்கிற தாத்தா ஒருத்தர்கிட்ட அளவு சொல்லி 800-ன்னு எழுதினது ஒண்ணு கிடைச்சது. போட்டதும் ஆன் ஆயிடுச்சு! திரை 2.1 அங்குலம்தான், ஆனா இன்னும் பளிச்சுனு இருக்கு.

பாண்டி அண்ணே, நீங்க சொன்ன அடையாளம் ஒண்ணு இருக்கு. முழுசா திறந்தா படம் சரியா இருக்கு, ஆனா காது ஸ்பீக்கர்ல சத்தம் விட்டு விட்டு வருது. முக்கால்வாசி திறந்து வச்சா தெளிவா கேக்குது. அப்பா நேத்து மும்பை அத்தைகிட்ட இருபது நிமிசம் அப்படியே பேசிட்டாங்க, கட்டைவிரலால முக்கால்ல பிடிச்சுக்கிட்டே. ஸ்பிரிங் மேல தள்ளிக்கிட்டே இருக்கும்ல, விரல் வலிக்கலையான்னு கேட்டா பதிலே சொல்லல. பேசி முடிச்சு "டக்".

சர்வீஸ்_பாண்டி:
ஸ்ட்ரிப்ல ஸ்பீக்கர் லைன் மட்டும் வெட்டுப்பட ஆரம்பிச்சிருக்கு. அப்படியே பிடிச்சுப் பேசினா பக்கத்து லைனும் போயிரும். அப்பாவை ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்க தம்பி. என்கிட்ட போர்டு செத்த டி900 ஒண்ணு பெட்டியில கிடக்கு, ஸ்ட்ரிப் நல்லா இருக்கிற மாதிரித்தான் தெரியுது. ஞாயித்துக்கிழமை கழற்றி, திறந்த நிலையிலயும் மூடின நிலையிலயும் மீட்டர் வச்சு ஒவ்வொரு லைனா பார்த்துட்டுச் சொல்றேன். தனிமடல்ல உங்க நம்பர் அனுப்புங்க.

யாழ்_கடலோரம்:
பாண்டி அண்ணை, கழட்டேக்க அந்த யு வளைவைப் படம் எடுத்து இங்க போடுங்கோ. காவேரி சொன்னதை ஒருக்காக் கண்ணால பாக்கோணும்.